மூணாவது படகுல ஒரு கிழிஞ்ச சீட்டு

— கிழிஞ்ச சீட்டு மூணாவது படகுலதானே?

— மேடம், இது சுற்றுலாத் தகவல் மையம். எந்தப் படகு, எந்தச் சீட்டு?

— ஏரிப் படகுங்க. போன சனிக்கிழமை நீங்கதான் சொன்னீங்க. எல்லாம் நீலச் சீட்டு, மூணாவது படகுல மட்டும் ஒண்ணு கிழிஞ்சு பஞ்சு வெளிய தெரியும்னு.

— ஓ... நீங்களா. சனிக்கிழமை மேடம்.

— எனக்குப் பேரே வச்சுட்டீங்களா?

— பின்னே? மத்தவங்க எப்படிப் போறதுன்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான், போயிட்டு வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு கேக்கறீங்க. கோபுரத்துல எத்தனை படி, மேல காத்து எந்தப் பக்கமா அடிக்கும், மியூசியத்துல திமிங்கல எலும்பு இடதா, வலதா...

— இடது.

— பாருங்க, என்னைவிட நல்லா சொல்றீங்க. நிஜமாச் சொல்லுங்க, ஏதாவது பரீட்சை எழுதறீங்களா?

— அப்படித்தான் வச்சுக்கங்க. ஞாயித்துக்கிழமைதோறும், போன்ல.

— யாரு நடத்தறாங்க?

— எங்கம்மா.

— அம்மாவா?

— நான் இந்த ஊருக்கு வந்து அஞ்சு மாசம் ஆச்சு. கிளம்பும்போதே அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. "பெரிய ஊருக்குப் போறே. சந்தோஷமா இருந்தா இரு. இல்லேன்னா பெட்டியைக் கட்டிட்டு வந்துடு." அதனால வாரத்துக்கு ஒரு சந்தோஷம் காட்டியாகணும்.

— நல்ல அம்மாதானே. எங்க வீட்ல என்கிட்ட யாரும் இப்படிக் கறாரா பேசினதில்லை.

— நல்லவங்கதான். சந்தோஷமா இருக்க நேரம் வேணாமா? இருக்கறது ஒரு ஞாயித்துக்கிழமை. துணி துவைக்கணும். ஹாஸ்டல்ல பதினோரு பேருக்கு ஒரே கொடி. காயற வரைக்கும் காவலுக்கு உக்காந்திருக்கணும். எழுந்து போனா நம்ம துணியை ஓரமா ஒதுக்கிட்டு அவங்க துணியைப் போட்டுடுவாங்க.

— அப்ப நீங்க ஏரிக்குப் போனதே இல்லையா?

— ஏரி என்கிட்ட வரும்.

— என்னது?

— நான் தண்ணி சோதிக்கிற ஆய்வகத்துல வேலை பாக்கறேன். தினம் காலைல ஒன்பதரைக்கு ஏரி என் மேஜைக்கு வந்துடும். அரை லிட்டர் பாட்டில்ல, லேபிள் ஒட்டி.

— "கண்ணாடி போலத் தெளிந்த நீர்"னு எங்க ஸ்கிரீன்ல போட்டிருக்கு.

— அதை மட்டும் நான் அம்மாகிட்ட சொல்லலை. சோதிக்கறவளே பொய் சொல்லக்கூடாது இல்லையா?

— அடேங்கப்பா, என்ன நேர்மை.

— சிரிக்காதீங்க. நிஜமாவே என் சந்தோஷம் அங்கதான் இருக்கு. எனக்குன்னு ஒரு மேஜை. எனக்குன்னு ஒரு மைக்ரோஸ்கோப். ஒரு சொட்டு ஏரியை வச்சு எட்டிப் பாத்தா, உள்ள ஒரு பெரிய ஊரே ஓடிட்டிருக்கும். நிமிர மனசே வராது.

— அதை அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே.

— சொன்னேன், முதல் மாசம். "அழுக்குத் தண்ணியைப் பாக்கவா அவ்வளவு தூரம் போனே"ன்னாங்க. கோபுரத்துல ஏறினேன்னு சொன்னேன் பாருங்க, அப்படியே பூரிச்சுப் போயிட்டாங்க.

— சரி... இன்னைக்கு எதுக்குப் பழைய பாடம்?

— அம்மாவே நேர்ல வர்றாங்க. நாளைக்குக் காலைல. பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா ஏரிக்குத்தான் போகணுமாம்.

— தெரி... வரட்டுமே. நல்லதுதானே.

— எங்க நல்லது? தோழியை வேற பாக்கணும்னா என்ன பண்றது?

— எந்தத் தோழி?

— ஒத்தை ஆளுக்குப் படகு கிடையாது, குறைஞ்சது ரெண்டு பேர்னு நீங்கதானே சொன்னீங்க? அதனால ஒரு தோழியைச் சேத்துக்கிட்டேன். கோபுரத்துக்கு ஒருத்தி, மியூசியத்துக்கு ஒருத்தி... வாரா வாரம் வேற வேற பேர் வாயில வந்துடுச்சு.

— அம்மா கண்டுபிடிக்கலையா?

— நிறைய சிநேகிதம் பிடிச்சுட்டேன்னு நினைச்சிருப்பாங்க. அவங்க ரொம்ப வெகுளி. சரி, சொல்லுங்க. வாசல்லேர்ந்து படகுத்துறை எந்தப் பக்கம்? மூணாவது படகை எங்க கட்டியிருப்பாங்க? அந்தக் கிழிஞ்ச சீட்டைக் காட்டிட்டா போதும், மத்த எல்லாத்தையும் நம்பிடுவாங்க.

— ஏங்க...

— சொல்லுங்கக்கா.

— அக்கான்னு வேற சொல்லிட்டீங்க. அந்தச் சீட்டு... நான் சும்மா சொன்னது.

— சும்மான்னா?

— நீலம் படத்துல இருக்கு. கிழிசல் நானாப் போட்டது. நிஜம் மாதிரி இருக்கட்டும்னு.

— நீங்க போயிருந்தப்ப பாத்ததுன்னு சொன்னீங்களே.

— நான் அந்த ஊருக்கே வந்ததில்லைங்க. இந்த ஆபீஸ் இருக்கறது வேற ஊர்ல. பஸ்ல வந்தா ஒரு முழுப் பகல் ஆகும். என் ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான் தெரியும்.

— அப்ப... திமிங்கல எலும்பு?

— அது நிச்சயமா இருக்கு. இடது பக்கம்ங்கறதுதான் ஒரு உத்தேசம்.

— போச்சு. நாளைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிடுவாங்க. என் மேஜைல வேற யாராவது உக்காந்துடுவாங்க. அவங்களுக்குத் தண்ணின்னாலே பயம்க்கா. கிணத்தை எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. என் பொய்யைப் பிடிக்கறதுக்குன்னே படகுல ஏறப் போறாங்க.

— பிடிக்கறதுக்கு வரலை.

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எங்களுக்கு ஒரு திங்கட்கிழமை அம்மாவும் இருக்காங்க.

— திங்கட்கிழமை அம்மாவா?

— திங்கட்கிழமைதோறும் போன் பண்ணுவாங்க. கோபுரத்துல எத்தனை படின்னு கேட்டாங்க. திமிங்கலம் இடதான்னு கேட்டாங்க. யாரோ ஊர் பாக்க வர்றவங்கன்னுதான் நினைச்சேன். இந்தத் திங்கட்கிழமை, மூணாவது படகுல சீட்டு கிழிஞ்சிருக்கான்னு கேட்டாங்க. அது நான் கட்டின கதை. உலகத்துலயே உங்க ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருந்தேன்.

— நீங்க... என்ன சொன்னீங்க?

— கிழிஞ்சுதாம்மா இருக்குன்னேன்.

— நம்பினாங்களா?

— சிரிச்சாங்க. "நிஜமாப் படகுல போனவ சீட்டையா பாத்துட்டு வருவா"ன்னாங்க. அப்புறம் ஒத்தை ஆளை ஏத்துவாங்களான்னு கேட்டாங்க. ரெண்டு பேர் வேணும்மான்னேன். "அவகூடப் போக ஆள் இல்லை போல, நானே வர்றேன்"னாங்க. தண்ணி ரொம்ப ஆழமான்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாங்க. கிழிஞ்ச சீட்டு அவங்களுக்காம். நல்ல சீட்டு உங்களுக்காம்.