ஒரே தொட்டி, ரெண்டு குழாய்

— இந்தப் பாட்டில் ஏன் ஈரமா இருக்கு, மாமா?

— அதாவது... கழுவி வெச்சேன்மா.

— கூடவே ஓஸும் ஈரமா இருக்கே. ஞாயித்துக்கிழமை நான் மீன் தொட்டித் தண்ணி மாத்தறேன், நீங்க தொடக் கூடாதுன்னுதானே பேச்சு? இந்தப் பாட்டிலை முதல்ல தூக்கிப் போடுங்க. இதாலதான் மீன் சாகுது.

— பாட்டில் என்னம்மா பண்ணுச்சு? அடியை அறுத்து, வாயில ஓஸைச் சொருகி, ஒரு இழுப்பு இழுத்தா அழுக்கெல்லாம் தானா வாளிக்கு வந்துடும். முப்பது வருஷம் பம்ப் மாட்டினவன் நான். நீ வாங்கிட்டு வந்தியே, நடுவுல அமுக்கற பந்து வெச்ச குழாய், அதுதான் நாறுது.

— அது புதுசுங்கற வாசனை. கடைக்காரர் வெந்நீர்ல அலசச் சொன்னார், அலசிட்டேன். உங்க பாட்டில்ல முன்னாடி என்ன இருந்துச்சு?

— ஜூஸ்.

— நிச்சயமா?

— மூடி மஞ்சளா இருந்துச்சு. ஜூஸாத்தான் இருக்கணும்.

— இருக்கணுமா? நல்லா இருக்கு போங்க. உங்க பையன் வீட்டை விட்டுப் போறப்போ ஏழு மீன். இப்ப ஒண்ணே ஒண்ணு, அதுவும் சாஞ்சு சாஞ்சு நீந்துது.

— அதான்மா எனக்கும் மண்டை காயுது. தண்ணியில ஒரு தூசி இல்லை. அப்புறம் ஏன் சாகுது?

— எனக்கும் ஒண்ணும் புரியலை. ஒரு நிமிஷம். டாக்டர் உங்களை வாளி தூக்கக் கூடாதுன்னாரே?

— தூக்கலையே. அதாவது, சொம்பு சொம்பாத்தான் ஊத்தறேன்.

— எப்போ?

— நீ ஆபீஸ் போனப்புறம்.

— எத்தனை நாளைக்கு ஒருக்கா?

— முதல்ல வாரம் ஒருதடவைதான். ஒண்ணு செத்துச்சு. சரி, மாத்தினது போதலை போலன்னு மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தினேன். இன்னும் ரெண்டு செத்துச்சு. இப்ப தினமும். பாதித் தொட்டி.

— தினமுமா?

— ஏன்மா முகம் இப்படிப் போகுது?

— நானும் தினமும் மாத்தறேன், மாமா.

— நீயா? நான் பார்க்கவே இல்லையே?

— காலையில நீங்க நடக்கப் போற நேரத்துல. உங்ககிட்ட சொன்னா, நானும் கூட வர்றேன்னு வாளியைத் தூக்கிட்டு நிப்பீங்க.

— எவ்வளவு மாத்துவ?

— பாதி.

— காலையில நீ பாதி. மத்தியானம் நான் பாதி.

— எல்லாம் அப்படியே குளோரின் போட்ட குழாய்த் தண்ணி. எந்த மீன் தாங்கும்?

— அப்போ பாட்டிலும் கொல்லலை, பந்தும் கொல்லலை.

— நாமதான் கொன்னிருக்கோம். இருங்க, அந்தச் சொம்பைக் கீழே வைங்க.

— இப்ப என்னதான்மா பண்றது?

— ஒண்ணும் பண்ணக் கூடாது. ரெண்டு பேரும் கையைக் கட்டிட்டு உக்காரணும். பிழைச்சா அதோட அதிர்ஷ்டம்.

— நேத்து உங்கண்ணன் போன் பண்ணினார்.

— எதுக்கு?

— நீ எப்ப அங்க வரப்போறேன்னு கேட்டார். ரூம் காலி பண்ணி வெச்சிருக்காராம்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— மீன் இருக்கே, அதைப் பார்த்துக்க ஆள் வேணுமேன்னேன்.

— மீனா?

— வேற என்னம்மா சொல்ல? எம்புள்ளை வேற ஒருத்தியோட போயிட்டான். உன்னை இங்கயே இருன்னு சொல்ல எனக்கு எந்த வாய் இருக்கு? அவன் மீனுங்க இருக்கற வரைக்குமாவது நீ இருப்பேன்னு நினைச்சேன். அதான் மாத்தி மாத்தி ஊத்தினேன்.

— நான் எதுக்கு ஊத்தினேன்னு நினைக்கறீங்க, மாமா? மீனெல்லாம் செத்துட்டா, இனிமே உனக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டுருவீங்களோன்னு பயந்துதான்.