மூன்றாம் எண்ணை யார் தடுப்பது

சாண்ட்விச்சில் தக்காளி வைக்கக் கூடாது. பேருந்துப் பயணத்துக்குக் கட்டும் சாண்ட்விச்சைச் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்தில் ரொட்டி ஊறி, பையனின் கையோடு பிய்ந்து வரும். என் மனைவி ஆர்டித் முதல் வருடம் அந்தத் தவறைச் செய்தாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடங்களில் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. அவள் போன பிறகு இரண்டு குளிர்காலமாக நான்தான் கட்டுகிறேன். நானும் செய்ததில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு ஆரம்பம் அதுதான்.

ஹாலோவே கல்லூரிக் கூடைப்பந்து அணி வெளியூருக்கு ஆடப் போகும் ஒவ்வொரு முறையும் பதினான்கு பழுப்புக் காகிதப் பைகள். வான்கோழி சாண்ட்விச், ஆப்பிள், சிப்ஸ், மூன்று ஓட்ஸ் பிஸ்கட். பையின் மேல் கறுப்பு மையில் பையனின் பெயர். அதற்குக் கீழே, அன்று அவன் தடுக்க வேண்டிய எதிரணிக்காரனின் எண். எண் எழுதுவது ஆர்டித்தின் யோசனை. சாப்பிடும்போதே தன் ஆளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பாள். யாருக்கு யார் என்ற பட்டியலைப் பயிற்சியாளர் ஹெட்ரிக் முந்தின நாள் மாலை எனக்கு அனுப்பிவிடுவார். பேருந்து ஓர்டன் தானியக் களஞ்சியத்தைத் தாண்டும்வரை யாரும் பையைத் திறக்கக் கூடாது என்பது பையன்கள் தாங்களே வைத்துக்கொண்ட விதி. செயின்ட் ப்ரூனோ கல்லூரியின் அரங்கில் நாங்கள் கடைசியாக ஜெயித்த பயணத்தில் அப்படி நடந்ததாம். அது பத்தொன்பது வருடத்துக்கு முன்னால்.

இந்த ஜனவரியில் அங்கே ஜெயித்திருந்தால் எங்கள் லீக்கில் முதலிடம். அவ்வளவுதான் இருந்தது இடையில். அந்த ஆட்டமும், அவர்களுடைய மூன்றாம் எண் ஓக்ரேயும்.

ஆட்டம் சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை வழக்கம்போல மெயின் தெரு உணவகத்தில் மூன்று பேர் உட்கார்ந்தோம். ராய்ஸை உங்களுக்குத் தெரியும், முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். ஜோலீன் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். ராய்ஸ் மேசைமேல் இரண்டு அணிகளையும் நிறுத்தினான். கெச்சப் பாட்டில் ஓக்ரே. உப்பு டப்பா எங்கள் நான்காம் வருடப் பையன் வெஸ்லி ரென்ஃப்ரோ. மிளகு டப்பா முதல் வருடத்துக் கியான், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன்.

"கெச்சப்புக்கு எதிர்ல யாரு நிக்கப் போறா? சொல்லுங்க பாப்போம்," என்றான் ராய்ஸ்.

"வேற யாரு, உப்புதான்," என்றாள் ஜோலீன்.

"உப்பா? போன வருஷம் இவன் எதிர்ல நிக்கும்போதே முப்பத்தி நாலு புள்ளி போட்டான்மா ஓக்ரே! நான் பாதிரியாருக்குச் சவரம் பண்ணிக்கிட்டே ரேடியோ கேட்டேன். கத்தி நழுவிருச்சு. இன்னும் கன்னத்துல கோடு இருக்கு, ஞாயித்துக்கிழமை உத்துப் பாரு."

"அந்த வெஸ்ஸுக்குக் கால்ல என்ன, சிமென்ட்டா ஊத்தி வச்சிருக்காங்க?"

"சிமென்ட்டு இல்ல, பிளாஸ்டிக்கு. ரோட்டுல வைக்கிற ஆரஞ்சுக் கூம்பு. வண்டியெல்லாம் சுத்திப் போகணும்னுதானே அத வைக்கிறாங்க? ஹெட்ரிக்கும் அதுக்குத்தான் இவன வச்சிருக்கார்."

கூம்பு என்ற பெயர் அப்போது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. உள்ளூர் ஆட்டங்களுக்கு எங்கள் மாணவர்களே சின்னச் சின்ன ஆரஞ்சுக் கூம்புகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருநாள் வெஸ்ஸின் வண்டிமேல் நிஜக் கூம்பு ஒன்று இருந்தது. வைத்தது ராய்ஸ். வெஸ் அதை எடுத்துப்போய், கல்லூரி வாகன நிறுத்தத்தில் பள்ளம் விழுந்திருந்த இடத்தில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனான்.

"மிளகுக்குக் கை எவ்வளவு நீளம் பாத்தியா?" என்றான் ராய்ஸ். "ஓக்ரே பந்தத் தூக்குனா, இவன் விரல் அவன் மூக்குல இருக்கும். ஆனா நாலாம் வருஷத்துக்காரன உக்கார வச்சிட்டு இவன எறக்க ஹெட்ரிக்குக்கு நெஞ்சு வராது. கூம்புக்குக் காலு ஒடிஞ்சாத்தான் உண்டு."

"ஒடியட்டுமே," என்றாள் ஜோலீன். "ரொம்ப வேணாம். ஒரு சுளுக்கு. நான் வேணா சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துறேன்."

அவர்கள் சிரித்தார்கள். நான் உப்பு டப்பாவை எடுத்து என் பக்கத்து இருக்கையில் வைத்தேன். மிளகு டப்பாவைக் கெச்சப்புக்கு எதிரே நகர்த்தினேன். சரியாகப் பொருந்தியது. பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் புரியும்.

அவர்களை நான் குறை சொல்லவில்லை. மூன்று பேரும் ஒன்றைத்தான் நினைத்தோம். அடுப்பு இருந்தது என்னிடம்.

முறையாகவும் முயன்று பார்த்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஹெட்ரிக்கைப் பார்த்து, ஓக்ரேக்கு எதிரே கியானை இறக்குங்கள் என்று சொன்னேன். அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றவே இல்லை.

"வெர்லின், நீங்க சாண்ட்விச்சப் பாத்துக்கங்க. அணிய நான் பாத்துக்கறேன்," என்றார்.

நாற்பது வருடம் அந்தக் கல்லூரியின் ஆட்டங்களைப் பார்த்தவனிடம் சொன்னார். மாலையில் பட்டியல் வந்தது. ரென்ஃப்ரோ என்ற பெயருக்கு நேரே மூன்று.

வெஸ்ஸுக்கு வால்நட் ஒத்துக்கொள்ளாது. அவன் வந்த வருடமே ஆர்டித் அதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். எங்கள் ஓட்ஸ் பிஸ்கட்டில் வால்நட்தான் முக்கியம். அதனால் வெஸ்ஸின் பிஸ்கட்டுகளை முதலில், தனித் தட்டில், வால்நட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே சுட்டு எடுத்துவிட வேண்டும். மூன்றரை வருடம் அப்படித்தான் நடந்தது. ஆர்டித்தும் தவறியதில்லை, நானும் தவறியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவனுடையதைக் கடைசியில் சுட்டேன்.

நான் கணக்கில்லாமல் செய்தவன் இல்லை. அவனுடைய இரண்டாம் வருடத்தில் ஏதோ ஓர் ஊர் ஹோட்டலில் சாலட் சாப்பிட்டு அவனுக்கு உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடிப்பு. அன்றைய ஆட்டத்தில் மேல்சட்டையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மறுவாரம் ஆடினான். ஒரு ஆட்டம். எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான். அந்த ஒவ்வாமைக்கான ஊசி மருந்து எப்போதும் அணியோடு போகும். மருத்துவ உதவிக்கு இருக்கும் மரிபெல் அதைத் தன் நீலப் பையில் வைத்திருப்பாள். இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

பிறகு பைகளை எடுத்துப் பெயர் எழுதினேன். எண் எழுதினேன். வெஸ்ஸின் பையில் எண் எழுதக் கை வரவில்லை. அவன்தான் ஆடப் போவதில்லையே. கியானின் பையில் மூன்று என்று எழுதினேன். நீங்கள் அந்தப் பையை வைத்துத்தான் என்னிடம் வந்தீர்கள் என்று தெரியும். பெஞ்சில் இருப்பவர்களுக்கு ஹெட்ரிக் எண் தருவதில்லை; அவருடைய பட்டியலில் கியானுக்கு எண்ணே இல்லை. பையில் மூன்றைப் பார்த்ததும், பயிற்சியாளர் மனதை மாற்றிக்கொண்டார் என்று சந்தோஷப்பட்டானாம். பிறகு அந்தப் பையைத் தூக்கிப் போட முடியாமல் மடித்து வைத்திருந்தானாம். வெறும் பெயரோடு அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் தப்பான எண்ணோ, எண் இல்லாமலோ, ஆடப்போகிற ஒரு பையனின் பை என் வீட்டிலிருந்து போனதில்லை.

சனிக்கிழமை மதியம் பேருந்து கிளம்பும் இடத்துக்குப் பைகள் அடுக்கிய பெட்டிகளைக் கொண்டுபோனேன். என் வண்டியிலிருந்து அவற்றை இறக்க எப்போதும் வெஸ்தான் வருவான். மற்றவர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஏறிப் போய்விடுவார்கள். அன்றும் வந்தான். பனி தூறிக்கொண்டிருந்தது.

"சார், ஓக்ரே அழுத்தம் வந்தா இடது பக்கம்தான் திரும்பறான். ஒரு வாரமா வீடியோ போட்டுப் போட்டுப் பாத்தேன். இந்தத் தடவ விட மாட்டேன் சார்."

"நல்லது," என்றேன்.

பெட்டியை வைக்கும்போது அவன் தன் பையைப் பார்த்துவிட்டான். "சார், எனக்கு நம்பர் போட மறந்துட்டீங்க."

"உனக்குத் தெரியாததா?"

சிரித்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, முழங்கால்மேல் பையை வைத்து, தானே எழுதிக்கொண்டான். ஆகவே மூன்று என்ற எண் அன்று இரண்டு பைகளில் இருந்தது. ஒன்று என் கையெழுத்து, ஒன்று அவனுடையது. நீங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்கள். அவனுடையது கொஞ்சம் கோணல்.

பெட்டிகள் முன் இருக்கைகளில் ஏறின. மற்ற சாமான்கள் பேருந்தின் அடியில் இருக்கும் சரக்கு அறைக்குப் போயின. நாங்கள் மூவரும் ராய்ஸின் வண்டியில் பின்னாலேயே போனோம். வழியெல்லாம் ராய்ஸும் ஜோலீனும் கூம்பைப் பற்றித்தான் பேசினார்கள். முதல் பாதியில் ஓக்ரே எத்தனை போடுவான் என்று பந்தயம்கூடக் கட்டினார்கள், காபிக்கு. ராய்ஸ் இருபது என்றான்.

ஓர்டன் களஞ்சியத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பேருந்து எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றது.

"என்ன இழவுடா இது, பஞ்சரா?" என்றான் ராய்ஸ்.

ஹெட்ரிக் படியிலிருந்து குதித்தார். ஓட்டுநர் அடிக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் பனியில் உறைந்திருந்தது. டயர் நெம்பும் கம்பியை எடுத்து வந்து அடித்தார். மரிபெல் அழுதுகொண்டே, "என் பை, என் பை" என்றாள். கதவு திறந்ததும் உள்ளே இருபது பைகள்.

"எதும்மா? எது?" என்று கத்தினார் ஓட்டுநர்.

"நீலம். இடது மூல. பந்துப் பைங்களுக்குப் பின்னாடி," என்றேன் நான்.

பேருந்து நின்றதிலிருந்து ஊசி போடும்வரை பதினொரு நிமிடம். ஜோலீன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீதிமன்றத்தில் இருந்தவள், நேரம் குறிக்கும் பழக்கம் விடாது. ஊசி போட்டார்கள். இரண்டாவதும் போட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் மருத்துவமனை நாற்பத்தாறு மைல். ராய்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பனியில் நின்றான். அன்றிலிருந்து அவன் உணவகத்துக்கு வருவதில்லை.

ஆர்டித்தின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் வெஸ் ஒருவன். முன்பக்கம், இடது கை. இதை நீங்கள் கேட்கவில்லை. எங்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நீலப் பை எங்கே இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போது மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான். மரிபெல் எப்போதும் அதை முன் இருக்கையில், தன் காலடியில் வைத்துக்கொள்வாள். அன்று என் பெட்டிகளுக்கு இடம் போதவில்லை. வழக்கமாக இரண்டு பெட்டி; அன்று மூன்றாகக் கட்டியிருந்தேன். "ஏம்மா, இந்தப் பைய கீழ போட்ருவோமா? ரெண்டு மணி நேரந்தானே," என்று அவளிடம் சொன்னேன். அவள் தயங்கினாள். நானே வாங்கிக்கொண்டுபோய் வைத்தேன்.

ஆமாம், மூலையில். ஆமாம், பந்துப் பைகளை அதன்மேல் நகர்த்தியதும் நான்தான். ஆமாம், பதினான்கு பைகளுக்கு இரண்டு பெட்டியே போதும். ஆர்டித் ஒட்டிய தாளில் வால்நட் என்பதன் கீழே சிவப்பு மையில் மூன்று கோடுகள் உண்டு. இரண்டாம் வருட சம்பவத்துக்குப் பிறகு போட்டவை. அடுத்த தடவை உதட்டோடு நிற்காது என்று டாக்டர் சொன்னதை அவள் ஓரத்தில் எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன் அந்தத் தாளைப் படித்தேன். எப்போதும் படிப்பேன். அவள் சொல்லி வைத்த வழக்கம்.

சரி, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வெஸ்லி ரென்ஃப்ரோவை நான்தான் கொன்றேன். தெரிந்து செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. தள்ளிவைத்த ஆட்டம் பிப்ரவரி பதினெட்டில் நடந்தது. யாரும் பை கட்டிக் கொடுக்கவில்லை. நான் வீட்டில் ரேடியோவில் கேட்டேன். நாங்கள் இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். இரண்டு அணிகளும் துக்க வீட்டில் நடமாடுகிற மாதிரி ஆடின, ஓக்ரே கூடையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று ஜோலீன் சொல்கிறாள். அவளுக்கு ஆட்டம் எப்போதுமே அவ்வளவாகப் புரியாது. ஓக்ரேயைத் தடுத்தவன் கியான். முப்பத்தாறு நிமிடம் ஆடி ஓக்ரே போட்டது ஒன்பது புள்ளி. வெறும் ஒன்பது. அதையும் சேர்த்து எழுதிவிட்டுத் தாளைக் கொடுங்கள்.