சப்பாத்து எழுத்து

உப்புக் காற்றுக்கு மெல்லிய எழுத்து தாங்காது, ஐயா. நீங்கள் திடீர் மரண விசாரணை அதிகாரி, உங்களிடம் எழுத்துக் கதை எதற்கென்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பேசாலையில் மரண அறிவித்தல்கள் என் கடையில்தான் அச்சாகும். முன்பெல்லாம் வழமையான எழுத்தில் அடித்தோம். இரண்டு மழைக்குப் பெயர் கரைந்துவிடும். தலைமன்னார் பஸ்ஸில் போகிறவர்கள் வாசிக்கவும் முடியாது. அதனால் கணினியில் நானே ஓர் எழுத்து வரைந்தேன். தடித்த கோடுகள்; ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் சதுரமாக ஒரு கட்டை. ப, ட, ம எல்லாம் சொன்னபடி நின்றன. வளைந்தவைதான் படுத்தின. ஞ ஒன்றுக்கே ஒன்பது நாள் போனது.

"எழுத்துக்குச் சப்பாத்துப் போட்டு விட்டிருக்கிறியள்" என்று என்னோடு வேலை செய்யும் சுவேதினி சிரித்தாள். பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் ஊர் ஆண்கள் காலில் சப்பாத்துப் போடுவது கலியாணத்தன்றும் சவப்பெட்டிக்குள்ளும்தான். கலியாணத்துக்கு அந்த எழுத்தை நான் ஒருநாளும் கொடுத்ததில்லை. எட்டு வருடத்தில் ஊர் பழகிவிட்டது. தூரத்தில் அதைக் கண்டதும் சிலுவை போடுவார்கள். பிறகுதான் கிட்டப் போய் யாரென்று பார்ப்பார்கள்.

மாக்கிறட் மாமி ஒருநாள் கடைக்கு வந்து சொன்னார்: "எனக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது, றோசம்மா. ஆனா உன்ர எழுத்தைக் கண்டா நெஞ்சு ஒருக்கா நிண்டுதான் ஓடுது. படத்தைப் பாத்து, எங்கட ஆளில்லை எண்டாத்தான் மூச்சு வரும்."

"அப்ப பாக்காமப் போங்கோவன், மாமி."

"கண்ணைக் கழட்டி எங்க வைக்கிறது?"

மாமியின் மகன் வின்சன்ட் சம்மாட்டி. படகு அவனுடையது, கடலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மற்றவர்கள்; அவன் இடைக்கிடைதான் போவான். என் மகன் றொசாந்தனும் போனான். இஞ்சின் சரியில்லை என்று பிள்ளை சொல்லியும் வின்சன்ட் அனுப்பினான். நான் அன்று கடதாசி வாங்க வவுனியாவுக்குப் போயிருந்தேன். உடல் கரைக்கு வந்ததும், "அக்கா பஸ்ஸில தனிய வாறா, ஒருத்தரும் போன் எடுத்துச் சொல்லிப் போடாதேங்கோ" என்று எல்லாரையும் மறித்தவன் வின்சன்ட். அதோடு என் கடைக்கே போய், சுவேதினியைக் கொண்டு அறிவித்தல் அடிப்பித்து, ஊர் முழுக்க ஒட்டுவித்தான். நல்ல எண்ணம்தான். நான் பஸ்ஸால் இறங்கினேன். எதிர்ச் சுவரில் என் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தான். கீழே பெயர். ஞ இல்லாத பெயர், வடிவாக வந்திருந்தது.

மாமி மூன்று நாள் என் பக்கத்திலேயே இருந்து கஞ்சி பருக்கினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வின்சன்டுக்கு என்ன கொடுக்கலாம் என்று பதினான்கு மாதம் யோசித்தேன். படகை எரித்தால் இன்னொன்று வாங்குவான். அவனைக் கொன்றால் அவனுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

போன மாதம் மீனவர் சங்கத்துக்கு அவன் தலைவரானான். வாழ்த்துப் பதாகை கேட்டு சங்கத்து சுபாஸ் வந்தான். வாசகத்தில் பிழையில்லை. பெயர், பதவி, வாழ்த்துகிறோம். வெள்ளையில் கறுப்பு, படத்தைச் சுற்றிப் பூ. சுபாஸ் விரித்துப் பார்த்து முழித்தான்.

"என்னக்கா, செத்தவீட்டு எழுத்தெல்லோ? சம்மாட்டியார் இன்னும் மூச்சு விடுறார்."

"தலைவரைத் தூரத்தில இருந்தே தெரிய வேணும், தம்பி. இதைவிடத் தெரியிற எழுத்து என்னட்டை இல்லை."

சிரித்துக்கொண்டு கொண்டுபோனான். கோயில் வளைவில் கட்டச் சொன்னது நான். காலைப் பூசை முடிந்து மாமி வருகிற வழி அது. வின்சன்ட் அன்று கடலில் நிற்பான் என்றும் விசாரித்து வைத்திருந்தேன். மாமியின் நெஞ்சு எவ்வளவு பலவீனம் என்பதை நான் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கிளினிக் துண்டை அவருக்கு வாசித்துச் சொல்கிறவள் நான்தான்.

மாமியின் சாவை நீங்கள் இயற்கை மரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாரடைப்பு. சரிதான். அதன் பிறகு வின்சன்டுக்கு யாரும் போன் எடுக்காமல் பார்த்துக்கொண்டேன். பாவம், கடலில் நிற்கிற பிள்ளை என்றேன். அவன் படகு மணலில் முட்டியபோது மீனுக்கு ஐஸ் போடுகிற வாடிச் சுவரில் அவனுடைய அம்மா இருந்தார். பசை காயவில்லை. அவன் வாசித்து முடிக்கும்வரை நான் அங்கே நின்றேன். அவ்வளவும் அவனுக்காகச் செய்தது. மாமியை நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் எழுதவில்லை. வளைவடியில் விழுந்தவுடன் மாமிக்கு உயிர் போகவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த நான்தான் ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்தேன். மற்றவர்கள் இன்னும் கோயிலுக்குள். மாமிக்கு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்திருந்தார். மகன் தலைவராகிவிட்டான், மாமி என்று ஒரு வசனம் சொல்ல நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

மேலே மகனின் படத்தைப் பார்த்து, "கடலிலயோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம், மாமி" என்றேன்.

அவன் அந்நேரம் கடலில்தான் நின்றான், ஐயா. என் வாயால் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.