மருமகன் தின்ற சுறாப்புட்டு

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்து. மீன் விற்றுவிட்டுத் திரும்பும் இரண்டு பெண்கள் காலிக் கூடைகளோடு எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மூத்தவள் சொன்னாள்:

"சுறாப்புட்டு துன்னு என் மருமவன் ஊதிட்டாருடி."

"இன்னாக்கா சொல்ற? அது பால் ஊறணும்னு புள்ள பெத்தவளுக்குக் குடுக்கறதாச்சே?"

"பொண்ணு கொழந்தையோட புருசன் வூட்டுக்குப் போனதுலேர்ந்து அவளுக்குத்தான் தெனம் டப்பால அனுப்பிகினு இருந்தேன். மிளகு, வெங்காயம்லாம் போட்டு வாசனையா பண்ணா, இவரு வழிச்சித் துன்னுட்டாரு. கொழந்த பால் பத்தாம அழுதுச்சி."

"உன் பொண்ணு கேக்கலியா?"

"அவளுக்கு சுறா வாடையே ஆவாது. தப்பிச்சோம்னு கம்முனு இருந்துட்டா."

"அப்பறம் இன்னா பண்ண?"

"காரம் இல்ல, எண்ண இல்ல. வெறும் சுறாவும் பூண்டும் வேகவெச்சி உதுத்து அனுப்பினேன். அவரு ஒரு வாய் துன்னுட்டு டப்பாவ மூடிட்டாரு. அவ முழுங்கற வரைக்கும் நான் வீடியோ கால்ல பாத்துகினே இருந்தேன்."

"கொழந்த இப்பவும் அழுவுதா?"

"அது வயிறு ரொம்பித் தூங்குது. டப்பா வந்தா மருமவன்தான் அழுவறாரு."