ஆமைக்கு விதைத்த வல்லாரை

நோபல் பார்க்கில் ரயிலேறிய இரு பெண்கள் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். இளையவருக்குக் கோபம் அடங்கவில்லை.

“என்ர மனுசனுக்கு என்னைவிடத் தான் வளர்க்கிற ஆமைதான் பெரிசு, அக்கா. அதுக்கெண்டே விதை போட்டு, பூச்சி மருந்தடிக்காமல் வல்லாரை வளர்க்கிறார். நேற்று சம்பலுக்கு ஒரு பிடி ஆய்ஞ்சதுக்கு, ‘ஆரைக் கேட்டு ஆய்ஞ்சனீர்?’ எண்டு கத்துறார்!”

“அப்ப உங்கட சாப்பாட்டுக்கு?”

“கடைக் கீரைதான். ‘கழுவிச் சமையும், ஒண்டும் செய்யாது’ எண்டுறார்.”

“அந்தக் கடைக் கீரையைக் கழுவி ஆமைக்கும் போட வேண்டியதுதானே?”

“போட்டனான். ஓடி வந்து பறிச்சுப்போட்டார். ‘உமக்கென்ன விசரே? அதில மருந்து இருக்கும், ஆமை செத்துப்போகும்’ எண்டு. அதைத்தானே அக்கா இவ்வளவு நாளும் பிள்ளையளுக்கு வறை வறுத்துக் குடுத்தனான்!”