பழைய தேன்சட்டங்கள்

— அடுப்பைத் தணி காளீஸ்வரி. பொங்கி வழியுது பாரு.

— வழியட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. பசுவந்தனைக்கு, தம்பி வீட்டுக்கு வாரீங்களா, வரலியா?

— தேனடை கட்டுற இந்த இருபது மரச்சட்டத்தையும் கொதிக்க வச்சு எடுக்கணும். வெள்ளிக்கிழமை தேனீப் பெட்டி வந்து இறங்கிரும்.

— பழைய கட்டையை அவிக்க மட்டும் நேரம் இருக்கு. என் தம்பி நேத்து மூணு தடவை அண்ணாச்சி கடைக்குப் போன் பண்ணியிருக்கான். எட்டுப் பெட்டியிலயும் தேனீப்புழு தலையைத் தூக்கிக்கிட்டுச் செத்துக் கெடக்காம். அத்தான் ஒரு எட்டு வந்து பார்த்தாப் போதுங்கான்.

— பார்த்து? செத்ததை எழுப்பவா?

— அப்படிப் பேசாதீங்க...

— போன வருசம் என் பன்னெண்டு பெட்டியும் இப்படித்தான போச்சு. அப்பம் உன் தம்பி மாயகிருஷ்ணன் என்ன சொன்னான்? சொல்லு.

— சின்னப்பய. வாய்த்துடுக்கு...

— கோயில் கொடைக்கு வந்த சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரு முன்னால. அத்தான் இலையில ஈ கூட உக்காராதுன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச.

— நான் சோத்து வாளியோட நின்னேன். சிரிச்சனா?

— சிரிச்ச.

— அதை இன்னுமா வச்சிருக்கீங்க? வைகாசியில அவனுக்குக் கல்யாணம். குளத்தூர்க்காரவிய எதைப் பார்த்து அவிய பொண்ணு கற்பகத்தைத் தாராவ? வானம் பார்த்த ஒன்றரை ஏக்கருக்கா? அந்த எட்டுப் பெட்டியை நம்பித்தான. எல்லாம் காலின்னு தெரிஞ்சா...

— தெரிஞ்சா வேற வேலை பார்க்கட்டும். ஊர்ல தீப்பெட்டி ஆபீஸா இல்ல?

— ஒண்ணு கேக்கேன். இந்தச் சோடாத் தண்ணி எதுக்கு?

— மார்த்தாண்டத்துல பழசா வாங்குன சட்டம்லா. எந்தப் பெட்டியில என்ன சீக்கு இருந்துச்சோ. தேனடையையும் அது கட்ட ஒட்டுன மெழுகுத்தாளையும் சுரண்டி எரிச்சுட்டு, வெறுங்கட்டையை வாசிங்சோடாவுல கொதிக்க வச்சு, வெயில்ல காயப்போடணும். பொறவு புதுத்தாள் ஒட்டிக்கிடலாம்.

— அப்படிச் செய்யாம, பழைய அடையோடயே வச்சா?

— வச்ச பெட்டியும் போகும்.

— இதெல்லாம் போன வருசமே தெரியுமா உங்களுக்கு?

— தெரியும்.

— பொறவு ஏன் நம்ம சட்டத்தை எரிக்கச் சொன்னீங்க?

— வெறுத்துப்போச்சு. இனித் தேனீயே வேண்டாம்னு இருந்தேன்... கையை எடு. தெறிக்கும்.

— நான் எரிக்கலங்க. அறுபது சட்டம். அம்புட்டும் தேக்கு. மனசு வரல. வேலிக்கருவை முள்ளைப் போட்டுக் கொளுத்துனேன். புகையைப் பார்த்துட்டு நீங்களும் உள்ள போயிட்டீங்க.

— ம்.

— தம்பி பெட்டி வைக்கப்போறேன்னான். சட்டத்துக்கு எங்க போவான்? சீக்கு புழுவுக்குத்தான, கட்டைக்கு என்னன்னு இருந்துட்டேன். கூறுகெட்டவ. அத்தான்தான் குடுத்துவிட்டாவன்னு அவன்கிட்ட ஒரு பொய் வேற. ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டீங்களான்னு ஒரு ஆசை... அதைக் கேட்டு அவன் அழுதுட்டான், தெரியுமா?

— அவன் அழுதானா?

— ஆமா. அத்தானைப் போயி அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டனேன்னு... ஏசுங்களேன் என்னை. இப்படி அடுப்பையே பார்த்துக்கிட்டு இருந்தா எப்படி?

— ஏச என்ன இருக்கு.

— உங்களையும்லா ஏமாத்திருக்கேன். ரெண்டு சாக்குல கட்டி, உளுந்துன்னு சொல்லி, உங்க சைக்கிள்லயே வச்சு... நீங்கதான பஸ்ஸுல ஏத்திவிட்டீங்க. அன்னைக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்தச் சோடாத் தண்ணியைச் சொல்லிக் குடுத்திருப்பீங்க. அவன் பிழைச்சிருப்பான். எல்லாம் என்னால. கிளம்புங்க, நானே அவன்கிட்டச் சொல்லிருதேன். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்.

— நீ போயிட்டு வா.

— ஏன், அவன் மொகத்தைக்கூடப் பார்க்க மாட்டீங்களா?

— எப்படிப் பார்க்க? பஸ்ஸு மேல தூக்கிப் போடும்போது ஒரு சாக்கு அவுந்து மூணு சட்டம் வெளிய விழுந்துட்டு, காளீஸ்வரி. நாந்தான் பொறுக்கி உள்ள தள்ளி, வாயை இறுக்கிக் கட்டிவிட்டேன்.