ஐந்தாவது குழாய்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எலிகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இந்த ஊரில் இப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். போன மழைக்குப் பிறகு காய்ச்சல் பரவியபோது நகராட்சி வீடு வீடாக எலிப்பொறி கொடுத்தது. செத்த எலிகளை வரிசையாகக் கிடத்தி, பின்னால் அதிகாரிகள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நோயின் பெயரே எலிக்காய்ச்சல். பெயரிலேயே குற்றவாளி இருக்கும்போது தனியாக விசாரணை எதற்கு என்று விட்டுவிட்டார்கள். உங்கள் போலீஸ் வேலையும் அவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் நாம் இருவரும் இப்போது வீட்டில் இருந்திருப்போம்.

எலிகள் இதைச் செய்யவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

இருபத்திரண்டு வருடமாக நான் அந்த ஆய்வகத்தின் தலைவர். காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் இருப்பது எந்தக் கிருமி, அந்தக் கிருமியிலும் எந்த இனம் என்று கண்டுபிடிப்பது என் வேலை. கேட்பதற்குச் சும்மா பெயர் வைக்கிற வேலை மாதிரி இருக்கும். ஆனால் இனம் தெரிந்தால்தான் அது எந்த விலங்கின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது என்று தேட முடியும். அந்த விலங்கின் சிறுநீர் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றால், தோலில் உள்ள வெடிப்பு வழியாக உள்ளே போய்விடும். அது தெரிந்தால்தான் ஊரில் யாருக்கு பூட்ஸ் கொடுக்க வேண்டும், யாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது தெரியும்.

நோயாளியின் ரத்தத்தில் இரண்டு சொட்டை, கிருமி வளர்வதற்கான சத்துக்கூழ் உள்ள கண்ணாடிக் குழாயில் விட்டு இருட்டு அலமாரியில் வைப்போம். மற்ற கிருமிகள் ஒரே நாளில் வளர்ந்து நிற்கும். இது அரசாங்கக் கோப்பு மாதிரி, இரண்டு வாரமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். வளர்ந்தால், மேல்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே மங்கலாக ஒரு வளையம் தெரியும். ஒரே ஒரு சங்கடம்தான். நோயாளியின் உடம்பில் ஒரு வேளை மருந்து போய்விட்டாலும் குழாயில் அநேகமாக ஒன்றும் வராது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு டெக்னீஷியன் அம்மா இருக்கிறார். எது நடந்தாலும் தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் நோட்டம்மா. உங்கள் மேஜையில் இருக்கும் அந்த நீல அட்டை நோட்டு அவருடையதுதான், தூரத்திலிருந்தே தெரிகிறது. முதல் வளையத்தைப் பார்த்தவரும் அவர்தான். பால் பண்ணையில் மாடு கழுவும் ஆள் ஒருவரின் ரத்தம். மரபணு வரிசையைப் படித்தால், தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. அந்த அம்மா யாரையும் கேட்காமல் பண்ணைக்கே போய் மாடுகளின் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதிலும் அதே வரிசை இருந்தது.

“சார், எலி இல்ல சார், மாடுங்க. பண்ணையில சொல்லி பூட்ஸ் போட வச்சு, வாரம் ஒரு மாத்திரை குடுத்துட்டா போதும்” என்றார்.

“ஒரே ஒரு குழாய வச்சுக்கிட்டு ஊருக்குச் சொல்ல முடியாதும்மா. அஞ்சு பேர்கிட்டேர்ந்து வரட்டும்” என்றேன்.

ஏன் ஐந்து என்று நேற்று கேட்டீர்கள். ஐந்து என்று எந்த விதியும் இல்லை. இளவயதில் ஒருமுறை ஒரே குழாயை நம்பிப் புது இனம் என்று மாநாட்டில் அறிவித்தேன். குழாயில் வெளியிலிருந்து வேறு கிருமி கலந்திருந்தது. மண்டபமே சிரித்தது. பத்து வருடம் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘ஒத்தக் குழாய்’ என்று பெயர். அது எவ்வளவு வலித்தது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். அதனால் இந்த முறை ஐந்து.

பண்ணையில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பூட்ஸ் போட்டுக்கொண்டு மாத்திரை விழுங்கிய ஆளிடமிருந்து எனக்கு எந்தக் குழாயும் வராது. இது அறிவியல், இதில் என் சொந்த விருப்பம் ஒன்றுமில்லை.

மருத்துவமனைக்கு ஒரு தாள் அனுப்பினேன். காய்ச்சலோடு வருகிறவர்களிடம் இரண்டு முறை ரத்தம் எடுக்க வேண்டும், நடுவில் ஒரு நாள் இடைவெளி, இரண்டாவது குழாய்க்குப் பிறகுதான் மருந்து ஊசியைத் தொடங்கலாம். வார்டு டாக்டர் என்னிடம் படித்தவர். “சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று தாளைச் சுவரில் ஒட்டிவிட்டார். நல்ல பையன். அவரை இதில் இழுக்காதீர்கள்.

மூன்று மாதத்தில் நான்கு குழாய்கள் ஆயின. அந்த நான்கு பேரில் இரண்டு பேர் பிழைத்துக்கொண்டார்கள். அதை ஒரு பத்திரிகைகூட எழுதவில்லை.

அதன் பிறகு வரத்து நின்றுபோனது. பண்ணை ஆட்கள் உஷாராகி, உடம்பு லேசாகச் சுட்டாலே மருந்துக்கடையில் எதையாவது வாங்கி விழுங்கிவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வந்தார்கள். நோட்டம்மா மூன்று கடிதம் எழுதிக் கொண்டுவந்தார், சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி. தலைவர் கையெழுத்து இல்லாமல் கடிதம் வெளியே போகாது. நான் வாங்கி மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன், ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மைத்துனனுக்கு வேலை கிடைத்தது. மனைவியின் தம்பி. அச்சகம் மூடிய பிறகு ஒரு வருடமாக எங்கள் கூடத்தில்தான் பாய் விரித்திருந்தான். தம்பிக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா என்று மனைவி என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பால் பண்ணை மேலாளர் எனக்குப் பழக்கம். ஒரு வார்த்தை சொன்னேன், மறுநாளே சேர்த்துக்கொண்டார். மாடு கழுவும் வேலை. கல்யாணமான புதிதில் மனைவி என்னைப் பார்த்த பார்வையை, அதற்குப் பிறகு அன்றுதான் மறுபடி பார்த்தேன்.

அவனுக்குக் கால் விரலிடுக்கில் எப்போதும் வெடிப்பு இருக்கும். ரப்பர் செருப்புதான் போடுவான். தங்கமான பையன். என் நகைச்சுவைக்கு அந்த வீட்டில் சிரிக்கிற ஒரே ஆள்.

ஐந்தாவது வாரம் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, கெண்டைக்காலைத் தொட விடாமல் முனகினான். மருந்துக்கடைக்குக் கிளம்பியவனை நான்தான் தடுத்து, நேராக மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு அக்கறை. முதல் குழாயை நானே எடுத்தேன்.

மாலையில் சிறுநீர் குறைந்தது. மனைவி வார்டு வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, ஊசி போடச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க.”

“நாளைக்குக் காலைல இன்னொரு குழாய் எடுக்கணும். எடுத்ததும் போட்டுரலாம்” என்றேன்.

மறுநாள் காலையில் இரண்டாவது குழாயும் எடுத்தாயிற்று, உடனே ஊசியும் போட்டார்கள். நான் சொன்ன சொல் தவறவில்லை. நான்காம் நாள் அவன் போய்விட்டான். எனக்கு வருத்தம்தான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

பதினேழாம் நாள் வளையம் வந்தது. ஐந்திலும் அழகான வளையம் அதுதான். அதே வாரம் வேறொரு நாட்டு ஆய்வகம் இந்த இனத்துக்குப் பெயர் வைத்து வெளியிட்டுவிட்டது, ஒரே ஒரு குழாயை வைத்துக்கொண்டு. அதுவும் ஒரு மாட்டிடம் எடுத்தது. அவசரக்காரர்கள். அவர்களைப் பார்த்து எந்த மண்டபமும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நோட்டை நீங்கள் திருப்பி வைத்திருக்கும் பக்கம் எனக்குத் தெரிகிறது. முதல் குழாய் வந்த வாரத்திலிருந்து, திங்கட்கிழமைதோறும் ஆய்வக அலமாரியிலிருந்து நான் தடுப்பு மாத்திரை எடுத்ததை நோட்டம்மா எழுதியிருக்கிறார். வாரம் இரண்டு. எனக்கொன்று, மனைவிக்கொன்று. ஒரு திங்கட்கிழமை நாங்கள் விழுங்குவதைப் பார்த்து, “அத்தான், எனக்கில்லையா?” என்று அவன் கேட்டான். உன் வயிறு தாங்காது என்றேன். சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனான்.

ஆம், மூன்றாவது மாத்திரையை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. வேலை வாங்கிக்கொடுத்ததும் அதற்காகத்தான். மருந்துக்கடைக்குப் போகாத ரத்தம் வேறெங்கும் கிடைக்கவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இன்னொன்றையும் எழுதுங்கள். என் கட்டுரையின் நன்றியுரையில் முதல் பெயர் அவனுடையது. நோட்டம்மாவுக்குக்கூட அதற்குப் பிறகுதான். என் வீட்டு ஆளை நான் எங்கேயும் விட்டுக்கொடுத்ததில்லை.